சேதுபதியின் ஆணையும் அருளானந்தரின் மனச்சான்றும்



பிப்ரவரி மாதம் பிறந்ததும் சிவகங்கை மறைமாவட்ட இறைமக்களின் நெஞ்சம் ஓரியூரை நோக்கித் திரும்புகிறது. இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்திலுள்ள அந்தச் சிற்றூரின் செம்மண்ணை நெற்றியில் பூசிக்கொள்கிறோம். ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து வீட்டுக்கும் எடுத்துச் செல்கிறோம். கத்தோலிக்கர் மட்டுமல்ல, பிற சமயச் சகோதர சகோதரிகளும் அந்த மண்ணை நாடி வருகிறார்கள்.

அந்த மண்ணில் புனித அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) ஏன் தலை வெட்டப்பட்டார்? மறைக்கல்வி வகுப்பில் இக்கேள்வியைக் கேட்டால், "வேதத்தைப் போதித்ததால் அரசர் கொன்றுவிட்டார்" என்று பிள்ளைகள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் அவரது வாழ்வு நமக்குத் தரும் பாடத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவோம். அதிகாரத்தில் இருப்போர் ஒரு மனிதரைக் கடவுளிடமிருந்து விலக்கப் பயன்படுத்தும் வழிகள் பல. அச்சுறுத்துவது ஒரு வழி. அன்பு காட்டிச் சலுகை தருவது இன்னொரு வழி. குடும்பத்தையும் குலப் பெருமையையும் காட்டி நெருக்குவது மூன்றாவது வழி. இந்த மூன்றையும் அருளானந்தர் சந்தித்தார்.

மறவ நாடும் அதன் மன்னரும்

அக்காலத்தில் மறவ நாட்டை ஆண்டவர் இரகுநாத கிழவன் சேதுபதி. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரியணை ஏறி 1710 வரை ஆண்டவர். போகலூரிலிருந்த தலைநகரை இராமநாதபுரத்திற்கு மாற்றி, அங்குக் கோட்டை கட்டியவர். மதுரை நாயக்கரின் மேலாதிக்கத்திலிருந்து தம் நாட்டை விடுவித்துக்கொண்ட ஆற்றல்மிக்க அரசர். கீழக்கரை வள்ளல் சீதக்காதி இவருக்கு நெருங்கிய நண்பராக விளங்கினார் என்பதை நம் பகுதி மக்கள் இன்றும் பெருமையோடு பேசுகிறார்கள்.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், வேற்றுச் சமயத்தாரைக் கண்டாலே வெறுக்கும் கொடுங்கோலராக அவரைச் சித்தரிப்பது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. நல்ல ஆட்சியாளர்களும் சில வேளைகளில் மனச்சான்றை மிதிக்கும் ஆணையைப் பிறப்பிக்கிறார்கள். நம் வாழ்விலும் நம்மை நெருக்குபவர்கள் பெரும்பாலும் கொடியவர்கள் அல்லர். நாம் மதிக்கிறவர்கள், நமக்கு நன்மை செய்தவர்கள்.

முதல் நெருக்கடி: அச்சம்

அருளானந்தர் 1647 மார்ச் முதல் நாள் லிஸ்பன் நகரில் உயர்குடியில் பிறந்தவர். சிறுவயதில் அரண்மனையில் இளவரசர்களோடு வளர்ந்தவர். 1662இல் இயேசு சபையில் சேர்ந்து, 1673இல் கோவா வந்து, பின்னர் மதுரை மறைப்பணித் தளத்தில் காவி உடுத்த துறவியாக, சோறும் காய்கறியும் மட்டும் உண்டு பணி செய்தார்.

1686ஆம் ஆண்டு மறவ நாட்டில் பணியாற்றியபோது, சேதுபதியின் படைத்தலைவர் ஒருவரின் கையில் அவரும் அவருடைய உபதேசியார்கள் சிலரும் அகப்பட்டனர். சிவனின் பெயரைச் சொல்லி வணங்கினால் விடுதலை என்று கூறப்பட்டது. மறுத்தபோது வதைகள் தொடங்கின. தண்ணீரில் அமிழ்த்தினார்கள், வெயிலில் கரடுமுரடான பாறைமேல் கிடத்தி மிதித்தார்கள். உபதேசியார்களும் அவருடன் சேர்ந்து அடிபட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு சபையோ, ஐரோப்பிய அரசரோ இல்லை. ஊரில் மனைவி மக்கள் காத்திருந்தார்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அந்தச் சொல்லை அவர்கள் சொல்லவில்லை. புனிதரின் திருவிழாவில் இந்தப் பொதுநிலையினரையும் நாம் நன்றியோடு நினைக்கவேண்டும்.

பிறகு அவர்கள் இராமநாதபுரத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். சேதுபதி அருளானந்தரை நேரில் விசாரித்து, அவர் போதித்த பத்துக் கட்டளைகளின் விளக்கத்தைக் கேட்டு, அவரை விடுதலை செய்தார். ஆனால் ஒரு நிபந்தனை விதித்தார்: இனி மறவ நாட்டில் போதிக்கக் கூடாது, மீறினால் மரணம்.

திருத்தூதர் பணிகள் நூலை வாசிப்பவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. எருசலேமின் தலைமைச் சங்கம் பேதுருவையும் யோவானையும் விடுவித்தபோது விதித்ததும் இதே நிபந்தனைதான் (திப 4:18). உயிர் உனக்கு, மௌனம் எனக்கு என்பதே அதிகாரம் பேசும் பேரம். அடித்துப் பணியவைக்க முடியாதவர்களையும் இந்தப் பேரம் பணியவைத்துவிடும்.

இரண்டாம் நெருக்கடி: அன்பு காட்டும் அதிகாரம்

1687இல் மறைப்பணித் தளத்தின் பிரதிநிதியாக அருளானந்தர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். போர்த்துக்கல்லின் அரியணையில் அப்போது இருந்தவர் இரண்டாம் பேதுரு, அருளானந்தரின் இளமைக்காலத் தோழர். மறவ நாட்டில் பட்ட காயங்களோடு வந்த நண்பரை அவர் திரும்ப அனுப்ப விரும்பவில்லை. அரச குடும்பத்துப் பிள்ளைக்கு ஆசிரியராக லிஸ்பனிலேயே தங்கிவிடும்படி வற்புறுத்தினார். வயதான தாயும் மகனைப் பிரிய மனமின்றித் தவித்தார்.

அரசரின் வேண்டுகோளில் பாவம் ஏதுமில்லை. அரண்மனையில் ஓர் இளவரசனை நற்பண்போடு வளர்ப்பதும் இறைப்பணியே என்று யாரும் வாதிடலாம். அதனால்தான் இந்தச் சோதனை கடினமானது. சேதுபதியின் படைவீரர் முன்னே நிற்கும்போது எது சரி என்பதில் குழப்பமில்லை. அரசரே தோளில் கைபோட்டு, "இங்கே இருந்தும் கடவுளுக்குப் பணி செய்யலாமே" என்னும்போது மனச்சான்று எளிதில் தூங்கிவிடும்.

அருளானந்தர் லிஸ்பனிலும் மதுரை நாட்டில் வாழ்ந்தது போலவே எளிய உணவு உண்டு, தரையில் படுத்தார். தாம் யாருக்காக அழைக்கப்பட்டோம் என்பதை மறந்துவிடாதபடி உடலுக்கே நினைவூட்டிக்கொண்டிருந்தார் எனலாம். 1690இல் அவர் மீண்டும் இந்திய மண்ணில் கால் வைத்தார். எந்த நாட்டில் கால் வைத்தால் மரணம் என்று எச்சரிக்கப்பட்டிருந்தாரோ, அந்த மறவ நாட்டுக்கே திரும்பி வந்தார்.

மூன்றாம் நெருக்கடி: குடும்பமும் குலமும்

மறவ நாட்டுச் சிற்றரசர்களில் ஒருவரான தடியத் தேவர் தீராத நோயில் விழுந்தார். ஓர் உபதேசியார் அவருக்காக நற்செய்தி வாசித்துச் செபிக்க, அவர் நலம் பெற்றார். திருமுழுக்குப் பெற விரும்பினார். அவருக்கு மனைவியர் பலர். அக்காலத்து அரச குடும்பங்களில் அது வழக்கம். கிறிஸ்தவத் திருமணம் ஒருவனுக்கு ஒருத்தி என்பதே என்று அருளானந்தர் தெளிவாக எடுத்துரைத்தார். தடியத் தேவர் முதல் மனைவியோடு மட்டும் வாழ ஒப்புக்கொண்டு, மற்றவர்களுக்கு வாழ்வாதாரம் தருவதாக உறுதியளித்தார். 1693 சனவரி 6, திருக்காட்சிப் பெருவிழா அன்று அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது.

விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். அவரது மனவேதனையை நாம் எளிதாக ஒதுக்கிவிடக்கூடாது. கணவர் எடுத்த முடிவில் அவருக்குப் பங்கில்லை. அரச குலத்தில் பிறந்தவர் ஒரே நாளில் தம் நிலையை இழந்தார். அவர் சேதுபதியிடம் முறையிட்டார். அரசருக்கு இது குலத்தின் மானப் பிரச்சினை ஆயிற்று. போதாக்குறைக்கு, தடியத் தேவர் இராமநாதபுரம் அரியணைக்கு உரிமை கோரத்தக்க மரபில் வந்தவர். அத்தகைய ஒருவர் புதிய சமயத்தில் சேர்ந்து, அவரைச் சுற்றி ஒரு கூட்டம் திரள்வது அரசியல் ஆபத்தாகவும் தோன்றியது.

ஆக, சமயம், குடும்ப மானம், அரசியல் அச்சம் ஆகிய மூன்றும் இங்கே ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டன. மறைசாட்சியரின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான். திருமுழுக்கு யோவான் கொல்லப்பட்டதும் ஒரு திருமணத்தைக் குறித்து உண்மை பேசியதற்காகவே (மாற் 6:17-29).

சனவரி 8ஆம் நாள் அருளானந்தர் கைது செய்யப்பட்டு, பின்னர் இராமநாதபுரத்திற்குக் கொண்டுவரப்பட்டார். தடியத் தேவரும் அரசர் முன்னிலையில் தம் புதிய விசுவாசத்தை மறைக்கவில்லை. வெளிப்படையாகக் கொன்றால் கலகம் மூளலாம் என்று அஞ்சிய அரசர், நாடு கடத்துவதாக அறிவித்துவிட்டு, ஓரியூர்ப் பகுதியை ஆண்ட தம் சகோதரரிடம் அவரை அனுப்பி, அங்கே கொன்றுவிட இரகசிய ஆணை கொடுத்தார்.

ஓரியூரில் இறுதி நாள்கள்

சிறையிலிருந்து பிப்ரவரி 3ஆம் நாள் அருளானந்தர் தம் சபைத் தோழர்களுக்குக் கடிதம் எழுதினார். அதில் கசப்பு இல்லை. அரசரைத் தூற்றும் சொல்லும் இல்லை. தம்மீது சாட்டப்பட்ட குற்றம் நற்செய்தியைப் போதித்ததே என்பதால், தண்டனையை மகிழ்ச்சியோடு ஏற்பதாக எழுதுகிறார்.

மறுநாள் 1693 பிப்ரவரி 4. அந்த ஆண்டு அது திருநீற்றுப் புதன். ஊருக்கு வெளியே அழைத்துச் செல்லப்பட்ட அவர் முழந்தாளிட்டுச் செபித்தார். பின் எழுந்து, தம்மை வெட்ட வந்தவரைக் கட்டித் தழுவினார். அதன் பின்னரே கத்தி அவர் கழுத்தில் இறங்கியது. தலைகளில் சாம்பல் பூசப்படும் நாளில் ஓரியூர் மண் இரத்தத்தால் நனைந்தது. 1853இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவரை அருளாளராகவும், 1947 சூன் 22இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனிதராகவும் உயர்த்தினார்கள்.

வெட்ட வந்தவரைத் தழுவிய அந்தச் செயலைச் சற்று சிந்திப்போம். ஆணையை ஏற்க மறுத்தார். ஆணையைச் சுமந்து வந்த மனிதரை வெறுக்க மறுத்தார். இரண்டு மறுப்புகளும் சேர்ந்ததே மறைசாட்சியம். முதலாவது மட்டும் இருந்தால் அது பிடிவாதமாகிவிடும்.

நம் கடலோரத்தின் பிற சாட்சிகள்

அருளானந்தர் தனியாக நிற்கவில்லை. நம் கடலுக்கு அக்கரையில் மன்னாரில், புனித பிரான்சிஸ் சவேரியாரின் காலத்தில் விசுவாசத்தைத் தழுவிய எளிய மக்கள், 1544ஆம் ஆண்டு யாழ்ப்பாண மன்னர் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ 600 பேர் என்பது திருச்சபையின் மரபு.

மண்டபத்திற்கு அருகே வேதாளையில் 1549இல் உயிர் நீத்த அருள்தந்தை அந்தோனி கிரிமினாலி, இயேசு சபையின் முதல் மறைசாட்சி. இவரது வரலாற்றில் நாம் மறைக்கக்கூடாத ஒரு செய்தி உண்டு. இராமேஸ்வரம் செல்லும் திருப்பயணிகளிடம் அங்கிருந்த போர்த்துக்கீசியத் தளபதி வரி வசூலித்ததே படையெடுப்புக்குக் காரணமாயிற்று. கிறிஸ்தவப் பெயர் தாங்கிய அதிகாரமும் அநீதி செய்தது. அதன் விலையை எளிய மக்கள் கொடுத்தார்கள். படகில் ஏறித் தப்பியிருக்கக்கூடிய அந்தக் குருவோ, பெண்களும் குழந்தைகளும் ஏறும்வரை கரையிலேயே நின்று ஈட்டிகளுக்கு இரையானார்.

தெற்கே திருவிதாங்கூரில், மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரண்மனை அலுவலரான நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் கைதாகி, பதவியும் மதிப்பும் இழந்து, 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சுடப்பட்டார். 2022 மே 15இல் புனிதராக உயர்த்தப்பட்ட அவர், இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். துறவிகளுக்கு மட்டும் உரியது இந்த உறுதி என்று இனி யாரும் சொல்ல முடியாது.

விவிலியமும் திருச்சபையும் கற்பிப்பது

அப்படியானால் அதிகாரத்தை எதிர்ப்பதே பக்தியா? இல்லை. ஆளும் அதிகாரிகளுக்குப் பணிந்திருக்கவும், வரி செலுத்தவும், மதிப்புக் கொடுக்கவும் புனித பவுல் கற்பிக்கிறார் (உரோ 13:1-7). சீசருக்கு உரியதைச் சீசருக்குக் கொடுக்க ஆண்டவரே சொன்னார் (மத் 22:21). ஆனால் சீசருக்கு உரியது எது என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில்தான் சாத்ராக்கு, மேசாக்கு, ஆபேத்நெகோ மூவரும் தீச்சூளை முன் நின்றார்கள் (தானி 3). அந்த எல்லையில்தான் முதியவர் எலயாசர் நின்றார். பன்றி இறைச்சியை உண்பதுபோல் நடித்தாலே போதும் என்று நண்பர்கள் கெஞ்சியும், தம்மைப் பார்க்கும் இளைஞர்கள் வழிதவறிவிடுவார்கள் என்று மறுத்தார் (2 மக் 6:18-31).

திருச்சபையின் மறைக்கல்வி நூல் (எண் 2242) இதைச் சுருக்கமாகக் கற்பிக்கிறது: அரசின் ஆணை அறநெறிக்கோ, மனித மாண்பின் அடிப்படை உரிமைகளுக்கோ, நற்செய்திக்கோ முரணாகும்போது, அதற்குக் கீழ்ப்படியாதிருக்க மனச்சான்று நம்மைக் கடமைப்படுத்துகிறது. இங்கிலாந்தில் 1535இல் தலை வெட்டப்பட்ட புனித தாமஸ் மூர், இறுதிவரை அரசரின் நல்ல ஊழியராகவே இருந்தார். ஆனால் கடவுளின் ஊழியராக இருப்பதை முதலில் வைத்தார். 2000ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அரசியல் பணியாளர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

இதிலிருந்து மூன்று அளவுகோல்களைப் பெறலாம்.

முதலாவது, என்னிடம் கேட்கப்படுவது உண்மையிலேயே பாவமா, அல்லது எனக்குப் பிடிக்காத ஒன்றா? பங்குப் பேரவையில் நம் கருத்து ஏற்கப்படாததும், திருவிழாவில் நமக்கு முதல் மரியாதை கிடைக்காததும் துன்புறுத்தல் ஆகா.

இரண்டாவது, நான் மறுப்பதால் வரும் இழப்பை நானே சுமக்கிறேனா, அல்லது பிறர்மேல் ஏற்றுகிறேனா?

மூன்றாவது, என்னை நெருக்குபவருக்காக என்னால் செபிக்க முடிகிறதா? முடியவில்லையென்றால் என் எதிர்ப்பில் விசுவாசத்தைவிடக் கோபமே மிகுதி.

இன்றைய சேதுச் சீமையில்

நம் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் சுதந்திரத்தை எல்லாக் குடிமக்களுக்கும் உறுதி செய்கிறது. அந்த உரிமைக்கு இடையூறு வரும்போது சட்டத்தின் வழியில் அதைக் கேட்பது நம் கடமையும்கூட. எனினும் நம்மில் பலருக்கு நெருக்கடி அரண்மனையிலிருந்து வருவதில்லை. அன்றாடம் முகம் பார்க்கும் மனிதரிடமிருந்து வருகிறது.

அரசு அலுவலகத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்திடச் சொல்லும் மேலதிகாரி ஒருவர். மறுத்தால் தொலைதூர மாவட்டத்துக்கு மாறுதல். தடை செய்யப்பட்ட இரட்டைமடி வலையோடு கடலுக்குப் போகச் சொல்லும் படகு உரிமையாளர் இன்னொருவர். வாங்கிய முன்பணம் திரும்பக் கட்டாமல் இருக்கும் தொழிலாளி எப்படி மறுப்பார்? தேர்தல் நேரத்தில் ஓட்டுக்குப் பணம் கொண்டுவருபவர் நம் சொந்தக்காரர். வாங்காவிட்டால் ஊரில் விரோதம்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது நம் ஊர்களுக்குள்ளேயே இருக்கும் சாதிக் கட்டுப்பாடு. ஒரே நற்கருணையை உண்டவர்கள், கல்லறையிலும் தேர்ப் பவனியிலும் திருமணப் பேச்சிலும் சாதியைப் பார்க்கும்படி ஊர்ப் பெரியவர்கள் சொல்லும்போது, "பெரியவர்கள் சொன்னபின் நாம் என்ன செய்வது" என்று அமைதியாகிவிடுகிறோம். தடியத் தேவர் குல வழக்கத்தைவிடத் திருமுழுக்கைப் பெரிதாக எண்ணினார் என்பதற்காகத்தான் அருளானந்தர் இரத்தம் சிந்தினார். குல வழக்கத்தைத் திருமுழுக்குக்கு மேலே வைத்துக்கொண்டு அந்தச் செம்மண்ணை நெற்றியில் பூசுவதில் என்ன பொருள் இருக்கிறது?

இப்படி நிற்பவர்களைத் தனியே விட்டுவிடுவது நம் பங்குகளின் பெருங்குறை. இலஞ்சம் வாங்க மறுத்து மாறுதல் பெற்றவரை, "பிழைக்கத் தெரியாதவர்" என்று கேலி செய்கிறோம். வேலையிழந்த தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. மறவ நாட்டு உபதேசியார்களால் வதைகளைத் தாங்க முடிந்தது, அவர்களோடு ஒருவர் சேர்ந்து அடிபட்டதால். நம் அன்பியங்கள் அந்தத் துணையாக அமைய வேண்டும். மனச்சான்றுக்காக இழந்தவரின் குடும்பத்துக்கு ஒரு மாத அரிசியும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், ஒரு மாலை நேரத்துச் செபமாலையும் தர நம்மால் இயலும்.

நம் சிந்தனைக்கு

1. அச்சம், சலுகை, உறவு ஆகிய மூன்றில் என் மனச்சான்றை எளிதில் வளைப்பது எது?

2. என் அதிகாரத்தின் கீழ் இருப்போரிடம், அதாவது பிள்ளைகள், பணியாளர்கள், மாணவர்களிடம், அவர்கள் மனச்சான்றுக்கு எதிரான ஒன்றை நான் கேட்டதுண்டா? சேதுபதியின் இடத்தில் நான் நிற்கும் நேரங்கள் எவை?

3. உண்மைக்காக இழப்பைச் சந்தித்த யாரை இந்த ஆண்டு திருவிழாவுக்கு முன் சென்று பார்க்கப் போகிறேன்?

செபிப்போம்

அன்பு இறைவா, அரசரின் வாளுக்கும் நண்பரின் அன்புக்கும் நடுவே புனித அருளானந்தரை உமக்கு உண்மையுள்ளவராகக் காத்தீரே. எங்களை ஆள்வோருக்கு நீதியான உள்ளம் தாரும். தவறானதைச் செய்யும்படி நெருக்கப்படும்போது மறுக்கும் துணிவையும், நெருக்குபவரை வெறுக்காத இதயத்தையும் எங்களுக்குத் தாரும். உமக்காக இழந்தவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.